மியூசிக் பாக்ஸ் ஸ்ட்ரிப்புல 16 மி.மீ எக்ஸ்ட்ரா வந்த கதை

நேத்து ராத்திரி 11 மணிக்கு கடைசி ஸ்ட்ரிப்ப உள்ள விட்டு கைப்பிடிய சுத்துனேன், ஹாப்பி பர்த்டே எங்கயும் தடுக்காம கடைசி வரைக்கும் ஓடிடுச்சு. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, கை தட்ட ஆளில்ல, நானே ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டு படுத்தேன். 3 வாரம் இழுத்த வேல இது. வேலன்னு பாத்தா பேப்பர்ல ஓட்டை போடுறது மட்டும்தான், ஆனா எங்க ஓட்டை போடணும்ன்றதுல ஒரு சின்ன புள்ளி என்னைய படுத்துன பாடு இருக்கே, இப்பவே எழுதி வெக்கலன்னா அடுத்த தடவ செய்யும்போது திரும்ப அதே குழியில விழுவேன்.

எங்கம்மாவுக்கு 70 முடியுது. புடவை வேணாம், ஸ்வெட்டர் வேணாம், எது குடுத்தாலும் பீரோக்குள்ள போயிரும்னு தெரியும், அதான் கையால சுத்துற மியூசிக் பாக்ஸ் ஒண்ணு செஞ்சு குடுக்கலாம்னு தோணுச்சு. சாவி குடுத்தா பொம்ம சுத்துமே, அந்த ரகம் இல்ல. இதுல ஒரு நீட்டு பேப்பர் ஸ்ட்ரிப் உள்ள போகும், அதுல நாமளே ஓட்டை போட்டுக்கலாம். பேப்பர் நகர நகர ஓட்டை வர்ற இடத்துல உள்ள இருக்குற குட்டி பல்சக்கரம் மாட்டி, சீப்பு மாதிரி இருக்குற இரும்புத் தகட்டுல ஒரு பல்ல தட்டி விடும், அதான் சத்தம். என்கிட்ட இருக்குறது 15 நோட் பாக்ஸ், சி-ல ஆரம்பிச்சு ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) மேல இருக்குற சி வரைக்கும், எல்லாம் கீபோர்டோட வெள்ளக் கட்டை மட்டும். கறுப்பு கட்டை ஒண்ணு கூட கிடையாது. கர்னாடிக் பாஷையில சொன்னா சங்கராபரணம் மட்டும் பாடத் தெரிஞ்ச பெட்டி.

பெட்டி 1290 ரூபா, அதோட 3 வெத்து ஸ்ட்ரிப்பும் ஓட்டை போடுற ஒரு சின்ன பஞ்ச் கருவியும் வந்துச்சு. ஸ்ட்ரிப் அகலம் அளந்தேன், 41 மி.மீ. நோட்டுக்கு நோட்டு கோடு 2 மி.மீ தள்ளி. குறுக்க 8 மி.மீக்கு ஒரு கோடு, நடுவுல 4 மி.மீல ஒரு விட்டு விட்டு போட்ட கோடு. பாத்த உடனே புரிஞ்சிருச்சு, சரி, ஒரு கோடு ஒரு பீட், அதாவது தாளத்துல ஒரு தட்டு, நடு கோடு அரை பீட். இங்க ஒரு விஷயம் நல்லா மண்டைல ஏத்திக்கணும், நான் ரொம்ப லேட்டாதான் ஏத்திக்கிட்டேன். இந்தப் பெட்டிக்கு ஒரு நோட்ட இழுத்துப் புடிக்கத் தெரியாது. டிங்னு ஒரு தட்டு தட்டும், சத்தம் தானா தேய்ஞ்சு போயிரும். அப்போ ஒரு நோட் எவ்ளோ நீளம்னா, அந்த ஓட்டைல இருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் இருக்குற தூரம்தான். வேற ஒண்ணுமே இல்ல. டைம் எல்லாம் மில்லிமீட்டர் ஆயிருச்சு.

நான் சின்ன வயசுல வர்ணம் வரைக்கும் பாட்டு கத்துக்கிட்டவ, அதுக்கப்புறம் கல்யாணம் காட்சின்னு போயிருச்சு. ஸ்டாஃப் நொட்டேஷன், அதான் அஞ்சு கோட்டுல எழுதுற மேற்கத்திய முறை, சுத்தமா தெரியாது. எம்பொண்ணு 4வது படிக்கிறா, கீபோர்ட் கிளாஸ் போறா, அவ புக்குதான் எனக்கு இருந்த ஒரே ஆதாரம். அவ புக்கத் தொறந்து நோட்டுக்கு பக்கத்துல புள்ளியப் பாத்த உடனே நான் என்ன நெனச்சிருப்பேன்? நம்ம புக்குல ஸ்வரத்துக்கு மேல புள்ளி இருந்தா மேல் ஸ்தாயி, கீழ இருந்தா கீழ் ஸ்தாயி. இங்க வலது பக்கம் இருக்கே, இது எந்த ஸ்தாயின்னு கேட்டுட்டேன். அவ சிரிச்ச சிரிப்பு பக்கத்து வீட்டுக்கு கேட்டுருக்கும்.

"அம்மா, அது உயரம் இல்லம்மா, நீளம். நோட்டுக்கு பக்கத்துல புள்ளி இருந்தா அரை சேத்துக்கணும். எங்க சார் சொல்லிக் குடுத்தாரு."

அரை சேத்துக்கணும். சரின்னு நோட்டுப் புக்குல எழுதி வெச்சேன், "புள்ளி = +அரை". இந்த ஒரு வரிலதான் மொத்த வினையும். அது அப்போ தெரியல.

மொதல்ல பர்த்டே பாட்டுல கை வெக்கல, பேப்பர் வீணாயிரும்னு பயம். பழகுறதுக்கு அவ புக்குலயே இருந்த பீத்தோவன் ட்யூன எடுத்தேன், 1824ல வியன்னால மொதமொதல்ல வாசிச்ச ஒன்பதாவது சிம்ஃபொனில கடைசில கோரஸ் பாடுவாங்களே, அது. ஒரிஜினல் டி மேஜர்ல, அதாவது டி-ய சுருதியா வெச்சு இருக்கு, பிள்ளைங்க புக்குல எல்லாம் சி-க்கு மாத்தித்தான் போடுறாங்க, நம்ம பெட்டிக்கு அது வசதியாப் போச்சு. மொத மூணு பார் (பார்னா தாளத்தோட ஒரு சுத்து, இங்க 4 பீட்) முழுக்க ஒரே மாதிரி க்ராச்செட்டு, அதாவது ஒரு பீட் நோட்டு, நாலு நாலா: ஈ ஈ எஃப் ஜி, ஜி எஃப் ஈ டி, சி சி டி ஈ. ஸ்ட்ரிப்புல கோட்டுக்கு ஒரு ஓட்டை. அஞ்சு நிமிஷ வேல. நாலாவது பார்லதான் புள்ளி வருது: ஈ டாட்டட் க்ராச்செட், அப்புறம் டி க்வேவர், அப்புறம் டி மினிம்.

என் ஃபார்முலா போட்டேன். க்ராச்செட் 1 பீட், புள்ளிக்கு அரை, ஆக 1½ பீட். பீட்டுக்கு 8 மி.மீன்னா 12 மி.மீ. க்வேவர் அரை பீட், 4 மி.மீ. மினிம் 2 பீட், 16 மி.மீ. கூட்டுனா 32, அதாவது 4 பீட், பார் கச்சிதமா நிறைஞ்சுது. எனக்கு ஒரே சந்தோஷம், பொண்ணக் கூப்புட்டு காட்டுனேன்.

இத எங்க பாஷையில எழுதிப் பாத்தேன், அப்போ இன்னும் நல்லா புரிஞ்சுது. க்வேவர ஒரு எண்ணிக்கையா வெச்சா அந்த பார் இப்டி வரும்: க ; ரி ரி , ; அவ்ளோதான். ஸ்வரத்துக்கு ஒரு எண்ணிக்கை, காற்புள்ளிக்கு ஒண்ணு, அரைப்புள்ளிக்கு ரெண்டு. க-வுக்கு 3, ரி-க்கு 1, அடுத்த ரி-க்கு 4, மொத்தம் 8, ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனம் கையில போட்டுட்டே பாடலாம். நாம ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு குறி வெச்சு நீட்டுறோம், அவங்க நோட்டு வடிவத்துலயே நீளத்த வெச்சுட்டு, மிச்சத்துக்கு புள்ளி வெச்சுக்கிறாங்க. கர்னாடிக் தெரிஞ்சவங்களுக்கு இந்த வழி ஈஸி. ஆனா இத நான் இந்த ஒரு பாரோட நிறுத்திட்டேன், தொடர்ந்து எழுதிருந்தா பின்னாடி வந்த வம்பு வந்துருக்காது.

பஞ்ச் பண்ணி சுத்துனேன். மூணு பார் தேன். நாலாவது பார்ல ஈ அடிச்சுது, டி அடிச்சுது, அடுத்த டி காணோம். ஓட்டை இருக்கு, சத்தம் இல்ல. திரும்ப சுத்துனேன், இல்ல. மெதுவா சுத்துனா ஒரு தடவ லேசா ஒரு கீச்சு, மத்தபடி ஊமை.

இங்கதான் மொத தப்பான ரூட்டு. எனக்கு ஓட்டை மேல சந்தேகம் வரல, புள்ளி மேலதான் சந்தேகம் வந்துச்சு. "அரை சேத்ததுல ஏதோ தப்பு, அதான் அடுத்த நோட்ட முழுங்கிருச்சு"ன்னு நெனச்சு, மொத டி ஓட்டைய செலோ டேப் போட்டு மூடிட்டு 1 மி.மீ முன்னாடி ஒண்ணு போட்டேன், சரி வரல, அதையும் மூடிட்டு இன்னும் 3 மி.மீ முன்னாடி. இப்போ ஈ 8, டி 8, அடுத்த டி. எல்லா நோட்டும் சத்தமா கேட்டுச்சு! ஆனா பாட்டு மாறிப்போச்சு. ஈ டி டி-ன்னு ராணுவப் பரேடு மாதிரி நடக்குது. பேப்பர் படிச்சுட்டு இருந்த எங்க வீட்டுக்காரர், அவருக்கு சங்கீதத்துக்கும் ரொம்ப தூரம், அவரே தலைய தூக்கி "என்னமோ இடிக்குதே, அந்த இடத்துல ஒரு இழுவை இருக்கும்ல" அப்டின்னாரு. புள்ளிய எடுத்துட்டா என்ன ஆகும்னு எனக்கு காதால புரிஞ்சது அப்போதான், அந்த இழுவையும் அதுக்கப்புறம் வர்ற அவசரமும் சேந்ததுதான் அந்த ட்யூனு.

மறுநாள் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டேன், இத மொதல்லயே செஞ்சிருக்கணும். ஒரே நோட்டுல, டி கோட்டுலயே, ஓட்டைக்கு ஓட்டை 4 மி.மீ, அடுத்து 5, 6, 7, 8, 9, 10ன்னு தள்ளித் தள்ளி. சுத்திப் பாத்தா 4, 5 ரெண்டும் ஊமை, 6 ஒரு தடவ கேக்கும் ஒரு தடவ கேக்காது, 7ல இருந்து எப்பவும் கேட்டுச்சு. விஷயம் இவ்ளோதான், ஒரே நோட்ட உடனே திரும்ப அடிக்க அந்த பல்சக்கரத்தோட அடுத்த பல்லு இடத்துக்கு வந்து சேரணும், அதுக்குள்ள ஓட்டை தாண்டிப் போயிருது. வேற வேற நோட்டா இருந்தா 4 மி.மீ பக்கத்துல இருந்தாலும் பிரச்சன இல்ல, அது வேற சக்கரம். பீத்தோவன் ட்யூன்ல டி-யும் டி-யும் அடுத்தடுத்து, நடுவுல ஒரு க்வேவர் தூரம், 4 மி.மீ. என் புள்ளி கணக்கு சரியாதான் இருந்துருக்கு, பெட்டிக்குதான் மூச்சு விட நேரம் பத்தல.

அப்போ பீட்ட 16 மி.மீ ஆக்கிட்டேன். எல்லாம் டபுள். க்ராச்செட் 16, க்வேவர் 8, மினிம் 32, டாட்டட் க்ராச்செட் 24. டி-க்கும் டி-க்கும் 8 மி.மீ, தாராளம். கைப்பிடிய ரெண்டு மடங்கு வேகமா சுத்தணும், அவ்ளோதான் தொந்தரவு. 8 பாருக்கு 512 மி.மீ. எட்டாவது பார்லயும் அதே மாதிரி டாட்டட் வருது, டி-ல இருந்து சி சி. ரெண்டு இடமும் அழகா விழுந்துச்சு. "புள்ளி = +அரை" ஜெயிச்சுருச்சுன்னு நம்பிட்டேன். தப்பான ரூல் ஒரு தடவ சரியான விடை குடுத்துருச்சுன்னா அப்புறம் அத சந்தேகப்படவே தோணாது, அதுதான் இதுல இருக்குற விஷமம்.

பேப்பர் பத்தி ஒரு வார்த்த. கூட வந்த 3 ஸ்ட்ரிப்பும் இதோட காலி. தனியா வாங்குனா வெல கூடன்னு வீட்ல இருந்தத வெட்டிப் பாத்தேன். சாதா சார்ட் பேப்பர் மெலிசு, ரெண்டாவது தடவ ஓடுறதுக்குள்ள ஓட்டை ஓரம் பிஞ்சு போச்சு. கல்யாணப் பத்திரிகை அட்டை சூப்பரா இருந்துச்சு, கெட்டி, வழவழப்பு, ஆனா நீளம் பத்தல, ஒட்டுன இடத்துல டேப் மடிப்பு மாட்டிக்கிச்சு. அதுவும் ஜிகினா வெச்ச பத்திரிகைய எல்லாம் உள்ள விட்டுறாதீங்க, நான் ஒரு அரைமணி நேரம் பிரஷ் வெச்சு தட்டிட்டு இருந்தேன். கடைசியா ஸ்டேஷனரி கடைல பெரிய ஐவரி ஷீட், 28 இஞ்சு நீளம், ஒண்ணு 25 ரூபா, ரெண்டு வாங்குனேன். அதுல 41 மி.மீக்கு வெட்டுறதுக்கு ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும். அர மி.மீ அகலம் கூடுனாலும் உள்ள போகாது, குறைஞ்சா ஆடும், ஆடுனா பக்கத்து நோட்டு அடிக்கும். வெட்டுறதுக்கே ஒரு சாயங்காலம் போச்சு.

இப்போ ஹாப்பி பர்த்டே. இந்த ட்யூன் அமெரிக்காவுல 1893ல ஹில்னு ரெண்டு அக்கா தங்கச்சி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு காலை வணக்கப் பாட்டா போட்டதாம், அப்புறம்தான் பர்த்டே வரிகள் வந்து ஒட்டிக்கிச்சு. 3/4 தாளம், பாருக்கு 3 பீட். 25 நோட்டு, எண்ணிட்டேன். ஆரம்ப நோட்டே சி-க்கு கீழ இருக்குற ஜி. நான் மொதல்ல பெட்டியோட கீழ் சி-ய சுருதியா வெச்சு கோடு போட ஆரம்பிச்சுட்டு, ஜி-க்கு கோடே இல்லன்னு அப்புறம்தான் பாத்தேன். நடு சி-ய சுருதியா வெச்சுக்கிட்டா கீழ ஜி-யும் இருக்கு, மேல ஜி-யும் இருக்கு, சரியா ஒரு ஆக்டேவ். இதுல அதிகம் போராட்டம் இல்ல, ரப்பர் போட்டு அழிச்சதோட சரி.

ஆரம்பமே டாட்டட். "ஹாப்-பி"ன்னு ரெண்டு ஜி, டாட்டட் க்வேவர், அப்புறம் செமிக்வேவர். சில புக்குல ரெண்டையும் சமமா க்வேவரா போட்டுருப்பாங்க, நாம கும்பலா கேக் முன்னாடி பாடும்போதும் பாதி பேர் அப்டித்தான் பாடுறோம். ஆனா பொண்ணு புக்குல புள்ளியோட இருந்துச்சு, அந்த துள்ளல் எனக்கும் வேணும்னு இருந்துச்சு.

என் ரூல் போட்டேன். க்வேவர் அரை பீட், புள்ளிக்கு அரை, ஆக 1 பீட், 16 மி.மீ. அடுத்தது செமிக்வேவர், கால் பீட், 4 மி.மீ. இதே மாதிரி பாட்டுல 4 இடம் வருது, மூணு "ஹாப்பி" ஜி-ல, கடைசி "ஹாப்பி" எஃப்-ல. நாலும் அப்டியே பென்சில்ல குறிச்சு, பஞ்ச் பண்ணி, சுத்துனா...

நொண்டுது. துள்ளல் இல்ல, நொண்டல். ஹாஆஆப்-பிபர்த்துன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு, அடுத்தது விழுந்தடிச்சுட்டு ஓடுது. ஆனா அது அப்டி ஒண்ணும் மோசமா இல்ல, டாட்டட்னா இப்டித்தான் இருக்குமோன்னு கூட தோணுச்சு. பொண்ணு மட்டும் கை தட்டிட்டே கேட்டவ, "அம்மா, கை தப்புதும்மா"ன்னா. நான் அவ கை மேல பழிய போட்டேன். பாவம்.

என்னைய காப்பாத்துனது ஸ்கேலுதான். ஸ்ட்ரிப்ப சுருட்டி வெக்குறதுக்கு முன்னாடி சும்மா அளந்தேன், மொத ஓட்டைல இருந்து கடைசி சி மினிம் முடியுற குறி வரைக்கும். 400 மி.மீ. மனசுக்குள்ள கணக்கு போட்டா 8 பார், பாருக்கு 3 பீட், பீட்டுக்கு 16, ஆக 384. 16 மி.மீ கூட வருது. சரியா ஒரு பீட்.

இங்க ரெண்டாவது தப்பான ரூட்டு, இதுல ஒரு நாள் முழுக்க போச்சு. அந்த 16அ பாத்த உடனே எனக்கு ஒரு விளக்கம் கெடச்சிருச்சு: ஆரம்பத்துல "ஹாப்பி" மொத பாருக்கு முன்னாடியே தனியா தொங்கிட்டு இருக்குல்ல, அது பார்ல சேராத ஒரு பீட், அதான் ஒரு பீட் கூட வருது. எவ்ளோ அழகான விளக்கம், நம்பர் கூட பொருந்துது. நிம்மதியா தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் புக்க திரும்பப் பாக்குறேன், கடைசி பார்ல ஒரு மினிம் மட்டும் இருக்கு. மினிம்னா 2 பீட். 3/4ல 2 பீட்டுல எப்டி பார் முடியும்? பிரிண்ட்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு போலன்னு நானே பென்சில்ல ஒரு புள்ளி வெச்சுட்டேன். சாயங்காலம் பொண்ணு வந்து புக்கப் பாத்து ஒரே கத்து. "ஏம்மா என் புக்குல கிறுக்குன? கடைசி பார் அப்டித்தான் இருக்கும். ஆரம்பத்துல ஒரு பீட் கடன் வாங்கிட்டோம்ல, அத கடைசில கழிச்சுருவாங்க." கடன்ற வார்த்தை அவ சாரோடதா அவளோடதான்னு தெரியல. ஆனா கணக்கு புரிஞ்சுருச்சு. ஆரம்பத்துல 1, நடுவுல 7 முழு பார், அது 21, கடைசில 2, மொத்தம் 24. 24 தடவ 16, 384. அந்தத் தொங்குற பீட்டும் சேத்துதான் 384. அப்போ என் 16 மி.மீ எங்க இருந்து வந்துச்சு?

ஸ்ட்ரிப்ப டேபிள்ல நீட்டி ரெண்டு பக்கமும் கனமா புக்கு வெச்சு, ஒவ்வொரு பாரா அளந்தேன். ஏ ஜி சி, 48, சரி. அடுத்த பார் பி மினிம், ஹாப்பி: 52. அடுத்தது 48. அடுத்தது 52. அப்புறம் 48, அப்புறம் பி ஏ ஹாப்பி: 52. கடைசி ரெண்டும் சரி. ஆரம்ப ஹாப்பி தனியா: 20. எங்கெங்க ஹாப்பி இருக்கோ அங்க எல்லாம் 4 மி.மீ, நாலு இடம், நாநாலு 16. ஒரு பெரிய தப்பு இல்ல, ஒரே சின்ன தப்ப நாலு தடவ செஞ்சிருக்கேன்.

ரெண்டு நோட்டும் சேந்து ஒரு பீட்டுக்குள்ள அடங்கணும், 16. செமிக்வேவர் 4. அப்போ டாட்டட் க்வேவருக்கு மிச்சம் 12. புள்ளி இல்லாத க்வேவர் 8. அப்போ இங்க புள்ளிக்கு மதிப்பு 4 மி.மீ. ஆனா பீத்தோவன் பார்ல புள்ளிக்கு 8 மி.மீ குடுத்தேன், அதுவும் சரியா வந்துச்சே? ஒரே புள்ளி, ஒரு இடத்துல 8, ஒரு இடத்துல 4. டீய ஆற வெச்சுட்டு அதயே பாத்துட்டு உக்காந்துருந்தேன்.

அப்புறம் பொண்ணுகிட்ட "சார் என்ன சொன்னாரு, அப்டியே சொல்லு"ன்னு கேட்டேன். அவ சொன்னது: "டாட் இருந்தா அதுல பாதிய அதோட சேத்துக்கணும்." அதுல பாதி! என்கிட்ட மொத நாள் சொல்லும்போது அவ "அரை"ன்னு சுருக்கிட்டா, நானும் அரைன்னா அரை பீட்டுன்னு எடுத்துக்கிட்டேன். அரைங்கறது ஒரு அளவு, பாதின்றது எதுல பாதின்னு கேக்க வெக்கும். க்ராச்செட்ல பாதி அரை பீட்டு, அதனால அங்க என் தப்பு வெளிய தெரியல. க்வேவர்ல பாதி கால் பீட்டு. அவ மேல ஒண்ணும் குத்தம் இல்ல, அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அவ விரலுக்கு தெரியும்.

நோட்டுப் புக்குல "புள்ளி = +அரை"ய அடிச்சுட்டு "புள்ளி = அந்த நோட்டுல பாதி"ன்னு எழுதுனேன். எழுதுனா மட்டும் நான் மறந்துருவேன்னு, மிச்சம் இருந்த கல்யாணப் பத்திரிகைய வெட்டி கேஜ், அதாவது அளவு அட்டை, செஞ்சேன், டெய்லர் வெச்சுருப்பாங்களே அந்த மாதிரி. செமிப்ரீவ் (4 பீட் நோட்டு) 64, மினிம் 32, க்ராச்செட் 16, க்வேவர் 8, செமிக்வேவர் 4. ஒவ்வொண்ணோட வலது பக்கத்துலயும் அதோட பாதி நீளத்துக்கு சிவப்பு ஸ்கெட்ச்ல ஒரு வால்: 32, 16, 8, 4, 2. ஆக புள்ளி வெச்சா 96, 48, 24, 12, 6. வரிசையா அடுக்கி வெச்சுப் பாத்தா எல்லா அட்டையும் மூணு பங்கா தெரியுது, ரெண்டு பங்கு வெள்ள, ஒரு பங்கு சிவப்பு. டாட்டட் மினிம் 48, அதாவது 3/4ல ஒரு முழு பார். அட்டைய ஸ்ட்ரிப் மேல வெச்சு ஓரத்துல பென்சில் குறி போட்டா போதும், கூட்டல் கழித்தல் எதுவும் வேணாம். 4 மி.மீ அட்டைய மட்டும் கைல புடிக்க முடியல, தொலைஞ்சுட்டே இருந்துச்சு, அத ஒரு ஊசில ஒட்டி வெச்சேன்.

ரெட்டப் புள்ளியும் இருக்காம், பொண்ணு புக்குல பின்னாடி ஒரு இடத்துல இருந்துச்சு. ரெண்டாவது புள்ளி மொத புள்ளியில பாதி. க்ராச்செட்டுக்கு 16, 8, 4, மொத்தம் 28. பழைய ரூல் வெச்சிருந்தா அதுக்கு அரை அரைன்னு ரெண்டு அரை போட்டு 32 ஆக்கிருப்பேன், மினிம்மே ஆயிருக்கும், அப்புறம் எதுக்கு ரெண்டு புள்ளி வெக்குறாங்கன்னு யோசிக்காம அதையும் நம்பிருப்பேன். நோட்டுக்கு மேலயோ கீழயோ புள்ளி இருந்தா அது வேற சமாச்சாரம், ஸ்டக்காட்டோ, வெட்டி வாசிக்கணும், ஆனா அடுத்த நோட்டு வர்ற நேரம் மாறாது, நம்ம பெட்டிக்கு அது தேவையும் இல்ல, அது எல்லாத்தையும் ஒரே மாதிரி தட்டித்தான் விடும். நோட்டு கோட்டு மேல உக்காந்துருந்தா நீளப் புள்ளிய கோட்டுல வெக்காம கொஞ்சம் மேல தூக்கி இடைவெளில வெச்சுருப்பாங்க, அதனால ஒரு இடத்துல புள்ளி எந்த நோட்டோடதுன்னு குழம்பிட்டேன், வலது பக்கம்னா நீளம்னு புடிச்சுக்கிட்டா போதும்.

புது ஸ்ட்ரிப். மொத ஓட்டை 0ல, ரெண்டாவது ஜி 12ல, ஏ 16ல. அடுத்த ஹாப்பி 96, 108, உடனே ஏ 112. மூணாவது 192, 204, மேல் ஜி 208. எஃப் ரெண்டும் 288, 300, ஈ 304. கடைசி சி 352ல, முடிவு குறி 384ல. பஞ்ச் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அளந்தேன், இந்த தடவ பென்சில் குறியோட நிறுத்தி பொண்ண விட்டு தாளம் போட வெச்சு விரலால ஓட்டிப் பாத்தேன். ஜி-க்கும் ஜி-க்கும் 12 மி.மீ, அந்த 7 மி.மீ எல்லைக்கு மேல, ஊமை ஆகாது. பழைய 8 மி.மீ பீட்டுலயே இருந்துருந்தா 6 வந்துருக்கும், ஒரு தடவ கேக்கும் ஒரு தடவ கேக்காதுன்னு அம்மா கைல போய் மானம் போயிருக்கும்.

அப்டியும் ஒரு ஓட்டைய தப்பா போட்டேன், பி கோட்டுக்கு பதிலா ஏ கோட்டுல. மெலிசு டேப்ப ரெண்டு பக்கமும் ஒட்டி நகத்தால தேச்சு விட்டேன், மாட்டல. இன்னொரு கூத்து, ஸ்ட்ரிப்ப தலகீழா விட்டுட்டேன் ஒரு தடவ, உயரம் எல்லாம் தலகீழாகி என்னமோ சோகப் பாட்டு மாதிரி வந்துச்சு, நீளம் மட்டும் அப்டியே இருந்துச்சு. இப்போ ஆரம்ப பக்கத்துல ஒரு மூலைய சாய்வா வெட்டி அம்புக்குறி போட்டுட்டேன்.

செலவு: பெட்டி 1290, ஐவரி ஷீட் 50, ஸ்டீல் ஸ்கேல் 40, டேப் 10. மொத்தம் 1390. வீணான ஸ்ட்ரிப் 5. அதுல ரெண்டு பெட்டியோட தப்பு இல்ல பேப்பரோட தப்பு இல்ல, என் "அரை"யோட தப்பு.

அடுத்த தடவ செஞ்சா மொத நாளே டெஸ்ட் ஸ்ட்ரிப், அப்புறம் கேஜ், அப்புறம்தான் பாட்டு. பஞ்ச் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பார் முடியுற இடத்துலயும் மொத்த நீளத்த எழுதி வெப்பேன், கடைசில அளந்து 16 மி.மீய தேடிட்டு இருக்க மாட்டேன். ஒரு ஆரம்ப வால் 4 செ.மீ விடணும், நான் 2 செ.மீதான் விட்டேன், கைப்பிடி சீராகுறதுக்குள்ள மொத ஜி அடிச்சுருது. பீட் 16க்கு பதிலா 14 வெச்சா சுத்துறது கொஞ்சம் சுலபமா இருக்கும், க்வேவர் 7 வரும், எல்லையில நிக்கும், ஆனா அப்போ கேஜ்ல 3½ எல்லாம் வெட்டணும், எனக்கு அவ்ளோ பொறும இல்ல.

இன்னிக்கு காலைல பொண்ணு சுத்திப் பாத்தா, தாளம் போட்டா, "இப்போ கை தப்பலம்மா"ன்னா. அம்மாவுக்கு வீடியோ கால்ல சத்தம் மட்டும் கேக்க வெச்சோம், பெட்டிய காட்டல. "என்னடி அது, ஐஸ் வண்டி வந்துருக்கா?"ன்னு கேட்டாங்க. அத இப்போதைக்கு நல்ல விமர்சனமா எடுத்துக்கிட்டேன். பீத்தோவனுக்கு இன்னும் 8 பார் பாக்கி இருக்கு, அதுல ஒரு இடத்துல பார் கோட்டத் தாண்டி ஒரே நோட்ட வில்லு மாதிரி ஒரு கோடு போட்டு இழுத்து வெச்சுருக்காங்க, பெட்டிக்கு அங்க ரெண்டு ஓட்டை போடணுமா ஒண்ணு போதுமான்னு பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் கேக்கணும், இந்த தடவ சார் சொன்னத அப்டியே.